வத்தல் வேறு, இது வேறு: டீஹைட்ரேட்டரில் காய்கறி உலர்த்தப் புதிதாக இறங்குகிறவர்களுக்கு

டீஹைட்ரேட்டர் (சூடான காற்றை விசிறியால் அடித்துக் காயை உலர்த்தும் மின்சார இயந்திரம்) வாங்கிய முதல் வாரம் நான் செய்தது எல்லாமே வத்தல்தான். வெண்டைக்காயை நறுக்கி, பொரியலுக்குப் போடுகிற அளவு உப்பைப் போட்டுப் பிசறி, தட்டில் பரப்பி, இரவு முழுக்க ஓடவிட்டேன். காலையில் ஒரு துண்டை வாயில் போட்டால் உப்பு நாக்கைப் பிடுங்கியது. அடுத்த நாள் கேரட். அது பல்லில் கடிபடவே இல்லை. மூன்றாம் நாள் பீட்ரூட், அதன் கதையைப் பிறகு சொல்கிறேன்.

தருமபுரி மாவட்டம் காரிமங்கலத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஆயா கொத்தவரையும் சுண்டைக்காயும் மோர் மிளகாயும் காயப்போடுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். காக்கா ஓட்டுவதுதான் கோடை விடுமுறையில் என் வேலை. அதனால் 'காய் உலர்த்துவது நமக்குத் தெரிந்த வேலைதானே' என்ற நினைப்பு இருந்தது. அந்த நினைப்புதான் என்னைக் கெடுத்தது.

வத்தலில் உப்பும் மோரும் ருசிக்கு மட்டும் இல்லை. வெயிலில் ஒரு காய் முழுதாகக் காய மூன்று நான்கு நாள் ஆகும். பகலில் சூடு, இரவில் ஈரம். அந்த இடைவெளியில் காய் புளித்துப் போகாமலும் பூசணம் பிடிக்காமலும் காப்பது உப்பு. அதோடு வத்தலை யாரும் அப்படியே தின்பதில்லை. எண்ணெயில் பொரிப்போம், இல்லையென்றால் குழம்பில் போடுவோம். வேகாதது அங்கே வெந்துவிடும், கூடின உப்பு குழம்பில் கலந்துவிடும்.

டீஹைட்ரேட்டரில் ஒரே இரவில் காய்ந்துவிடுகிறது. உப்புக்குக் காவல் வேலை இல்லை. பாட்டிலைத் திறந்து அப்படியே கொறிக்கப் போகிறோம், எண்ணெயும் இல்லை, குழம்பும் இல்லை. ஆகவே மாற்ற வேண்டியவை மூன்று: வேகவைக்க வேண்டிய காயை முதலிலேயே ஆவி காட்டிவிட வேண்டும், உப்பை வெகுவாகக் குறைக்க வேண்டும், வத்தல் பதத்தைத் தாண்டி மொறுமொறுப்பு வரும் வரை உலர்த்த வேண்டும். கீழே வருவதெல்லாம் இந்த மூன்றின் விவரம்தான்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கடையில் பாக்கெட்டில் கிடைக்கும் வெண்டைக்காய் சிப்ஸ், பலாப்பழ சிப்ஸ் போல இது வராது. அவற்றில் பெரும்பாலானவை வெற்றிட முறையில், குறைந்த சூட்டில் எண்ணெயில் பொரித்தவை. பாக்கெட்டின் பின்னால் சேர்பொருள்களைப் படித்தால் எண்ணெய் இருக்கும். நாம் செய்வது அதைவிடக் கொஞ்சம் கெட்டியாக, காயின் ருசி தூக்கலாக இருக்கும். அந்த எதிர்பார்ப்போடு வந்தால் ஏமாற்றம் இருக்காது.

இயந்திரம்

சில ஆயிரம் ரூபாயிலிருந்து கிடைக்கிறது. விலையைவிட முக்கியமானது காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது. வட்டமான தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் வகையில் காற்று கீழிருந்தோ மேலிருந்தோ வரும். சூட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் தட்டு முதலில் காயும், தொலைவில் இருப்பது பின்தங்கும். பெட்டி மாதிரி இருக்கும் வகையில் விசிறி பின்பக்கம் இருக்கும், எல்லாத் தட்டுக்கும் ஏறக்குறைய ஒரே காற்று. இடமும் காசும் இருந்தால் பெட்டி. இல்லையென்றால் வட்டத் தட்டு போதும், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை தட்டை மாற்றி அடுக்கும் சிரமம் மட்டும் உண்டு. நான் முதல் ஒன்றரை வருஷம் அதில்தான் ஓட்டினேன்.

எதை வாங்கினாலும் சூட்டை டிகிரிக் கணக்கில் வைக்க முடிகிறதா என்று பாருங்கள். 35 டிகிரி செல்சியஸிலிருந்து 70 வரை இருந்தால் வீட்டுக்குப் போதும். ஒரே ஒரு சுவிட்ச், போட்டால் ஓடும் அணைத்தால் நிற்கும் என்று இருப்பதை வாங்காதீர்கள். கீரைக்கும் தக்காளிக்கும் ஒரே சூடு சரிவராது.

கரண்ட் பில் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. 400 வாட் இயந்திரம் 10 மணி நேரம் ஓடினால் அதிகபட்சம் 4 யூனிட். குறித்த சூடு வந்ததும் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் தானே நின்று நின்று ஓடும் என்பதால் உண்மையில் அதைவிடக் குறையும். அரைத் தட்டு காயைப் போட்டாலும் முழுத் தட்டு போட்டாலும் செலவில் பெரிய வித்தியாசம் இருக்காது. எனவே எல்லாத் தட்டும் நிறைகிற அளவுக்குக் காய் இருக்கிற நாளில் போடுங்கள்.

வைக்கிற இடத்துக்கு ஜன்னல் வேண்டும். காயிலிருந்து போகிற ஈரம் எல்லாம் அந்த அறைக்குள்தான் வரும். கதவைச் சாத்திய சின்ன அறையில் வைத்தால் அதே ஈரக் காற்றைத்தான் இயந்திரம் மறுபடி இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எந்தக் காயும் வழக்கத்தைவிட இரண்டு மூன்று மணி நேரம் கூடுதலாக எடுக்கும். ஓசூர், தளி பக்கம் குளிரும் சாரலுமான நாட்களில் இந்தக் கணக்கை இன்னும் கொஞ்சம் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வெண்டைக்காயில் தொடங்குங்கள்

முதல் தடவை ஒரே காயைச் செய்யுங்கள், அது வெண்டைக்காயாக இருக்கட்டும். ஆவி காட்ட வேண்டாம், தோல் சீவ வேண்டாம், தவறினாலும் பெரிதாகக் கெடாது.

பிஞ்சாக ஒரு கிலோ எடுங்கள். நுனியை ஒடித்தால் பட்டென்று ஒடிய வேண்டும். முற்றினது காய்ந்தபின் நாராகிவிடும். கழுவி, துணியில் துடைத்து, அரை மணி நேரம் காற்றாட விடுங்கள். ஈரத்தோடு நறுக்கினால் கையெல்லாம் கொழகொழவென்று ஆகும், தட்டில் ஒட்டும். காம்பை எடுத்துவிட்டு நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கவும். பெரிய காயை நான்காகப் பிளக்கலாம்.

உப்பு அரைத் தேக்கரண்டி. ஒரு கிலோவுக்கு அரைத் தேக்கரண்டியா என்று கை தயங்கும். வெண்டைக்காயில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். ஒரு கிலோ காய்ந்து வரும்போது கையில் நிற்பது 100 கிராமுக்குக் கொஞ்சம் மேலே. தண்ணீர் போய்விடும், உப்பு போகாது. ஆகவே உப்பும் காரமும் காயும் முன் இருக்கிற எடைக்கு இல்லை, காய்ந்தபின் நிற்கப்போகிற எடைக்கு. பிசறும்போது ருசி பார்த்தால் சப்பென்றுதான் இருக்க வேண்டும். அதுதான் சரியான அளவு.

அதோடு மிளகாய்த்தூள் அரைத் தேக்கரண்டி, சீரகத்தூள் கால் தேக்கரண்டி, எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி. பொடி ஒட்டுவதற்கு அந்தச் சாறே போதும். எண்ணெய் விட்டால் ருசி கூடும், மறுக்கவில்லை, ஆனால் எண்ணெய் பட்டது ஒரு மாதத்துக்குள் சிக்கு வாடை அடிக்கும். உடனே தின்னப் போவதாக இருந்தால் ஒரு தேக்கரண்டி விடுங்கள். சேமிக்க என்றால் வேண்டாம்.

தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல், வெட்டுப்பக்கம் மேலே இருக்கும்படி பரப்புங்கள். 55 டிகிரி. எட்டிலிருந்து பத்து மணி நேரம். இரவு சாப்பாடு முடிந்ததும் போட்டால் காலைக் காப்பிக்கு எடுக்கலாம். நடுவில் தட்டு மாற்ற எழ வேண்டும் என்றால் மட்டும் பகலில் வைத்துக்கொள்ளுங்கள்.

சூட்டைக் கூட்டினால் என்ன ஆகும்

இப்போது பீட்ரூட் கதை. அவசரம். 55 டிகிரியில் பத்து மணி நேரம் என்றால் 70 டிகிரியில் ஆறு மணி நேரத்தில் முடியாதா என்று கூட்டி வைத்தேன். ஆறு மணி நேரத்தில் தொட்டால் கல்லு மாதிரி இருந்தது. மகிழ்ச்சியோடு பாட்டிலில் அடைத்தேன். ஐந்தாம் நாள் பாட்டிலின் உள்பக்கம் வேர்த்திருந்தது, எட்டாம் நாள் வெள்ளைப் பூசணம். ஒரு கிலோ பீட்ரூட்டும் குப்பைக்குப் போனது.

நடந்தது இதுதான். சூடு காயின் நடுவிலிருந்து நீரை மேல்பரப்புக்குத் தள்ளுகிறது, விசிறிக் காற்று அதை வாரிக்கொண்டு போகிறது. இரண்டும் ஒரே வேகத்தில் நடக்க வேண்டும். சூடு அதிகமானால் நடுவிலிருந்து நீர் வந்து சேர்வதற்குள் மேல்தோல் வறண்டு இறுகிவிடும். இறுகிய தோலைத் தாண்டி உள்ளே இருக்கிற நீர் வெளியே வர முடியாது. வெளியே கல், உள்ளே ஈரம். பாட்டிலில் போட்டபின் அந்த ஈரம் மெல்ல வெளியே கசிந்து எல்லாவற்றையும் கெடுக்கும்.

அதற்காக ரொம்பக் குறைக்கவும் கூடாது. தக்காளி மாதிரி நீர் நிறைந்ததை 40 டிகிரியில் வைத்தால் காய்வதற்குள் புளித்துவிடும். காய்களுக்கு 52 முதல் 57 வரை, தக்காளிக்கு 57 முதல் 60 வரை, கீரைக்கும் கறிவேப்பிலைக்கும் 35 முதல் 40 வரை. இந்த மூன்று வரியை ஒரு தாளில் எழுதி இயந்திரத்தின் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். நான் ஒட்டியிருக்கிறேன்.

இட்லிப் பானையை எடுங்கள்

வெண்டைக்காய் கைக்கு வந்ததும் அடுத்தது கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், காலிஃபிளவர். ஓசூர், சூளகிரி வட்டாரத்தில் விளைகிற இந்தக் காய்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி உழவர் சந்தைகளில் மலிவாகக் கிடைக்கிற காலம் வரும். அப்போது ஐந்து கிலோ வாங்கிப் போடலாம். ஆனால் இவற்றுக்கு ஆவி கட்டாயம்.

காய் பறித்தபின்னும் அதற்குள் நொதிகள் (என்சைம்கள்) வேலை செய்துகொண்டே இருக்கும். உலர்த்தினாலும் அவை முழுதாகச் சாவதில்லை. ஒரு மாதம் கழித்துப் பாட்டிலைத் திறந்தால் கேரட் வெளிறி, வைக்கோல் வாடை அடிப்பது அதனால்தான். சில நிமிட ஆவி அந்த நொதிகளை அடக்கிவிடும். காயின் உள்கட்டும் தளர்வதால் நீர் சுலபமாக வெளியேறும், நேரமும் குறையும்.

இட்லிப் பானையில் தண்ணீர் கொதித்து ஆவி நன்றாக வந்தபின் நறுக்கிய காயைத் துணி விரித்த தட்டில் மெல்லிய அடுக்காகப் போட்டு மூடுங்கள். கேரட்டுக்கும் காலிஃபிளவருக்கும் மூன்று நான்கு நிமிடம், கோஸ் இலைக்கு இரண்டு மூன்று நிமிடம். மூடியதிலிருந்து இல்லை, மறுபடி ஆவி கிளம்பியதிலிருந்து கணக்கு. எடுத்ததும் ஜில்லென்ற தண்ணீரில் கொட்டுங்கள், இல்லாவிட்டால் சொந்தச் சூட்டிலேயே வெந்துகொண்டிருக்கும். ஆறியதும் வடித்து, துணியில் ஒற்றி எடுக்க வேண்டும். தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிடுவதைவிட ஆவியில் சத்து குறைவாகத்தான் போகும்.

பீட்ரூட்டை மட்டும் முழுதாகத் தோலோடு இருபது இருபத்தைந்து நிமிடம் ஆவியில் வைத்து, பிறகு தோல் உரித்து நறுக்குவது என் வழக்கம். நறுக்கிவிட்டு ஆவி காட்டினால் நிறமெல்லாம் பானைத் தண்ணீருக்குப் போய்விடுகிறது. காலிஃபிளவரை ஆவிக்கு முன் உப்புப் போட்ட வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் போட்டால் புழு இருந்தால் மிதக்கும், இதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாகற்காயை மெல்லிய வட்டமாக நறுக்கி உப்பில் பிசறி, இருபது நிமிடம் கழித்துப் பிழிந்து கழுவி, இரண்டு நிமிடம் ஆவி காட்டுங்கள். கசப்பு போகாது, ஆனால் கொறிக்கிற அளவுக்கு இறங்கும். என் வீட்டில் அதிக நாள் தங்காத பாட்டில் பாகற்காய்தான், யாரும் நம்ப மாட்டார்கள்.

கனம். இதை எவ்வளவு சொன்னாலும் தகும். கத்தியால் நறுக்கினால் ஒரு துண்டு தடியாக, ஒரு துண்டு தாளாக வரும். தாள் கருகும்போது தடி ஈரமாக இருக்கும். சிப்ஸ் சீவுகிற கட்டையை வாங்கிக்கொள்ளுங்கள். கொறிக்க என்றால் இரண்டிலிருந்து மூன்று மில்லிமீட்டர். ஒரு ரூபாய் நாணயம் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் எவ்வளவு இருக்குமோ அதற்கு மேல் போகக் கூடாது. விரலை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி ஒரு அங்குலத்தைச் சீவாமல் சாம்பாருக்கு வைத்துவிடுவது உத்தமம்.

கேரட் மொறுமொறுப்பாக வராமல் அட்டை மாதிரி வருகிறது என்றால் ஒரு வழி உண்டு. ஆவி காட்டி ஆறவைத்த துண்டுகளை ஒரு இரவு ஃப்ரீசரில் வைத்து, காலையில் உருகவிட்டு, வடிகிற நீரை ஒற்றி எடுத்துவிட்டுத் தட்டில் போடுங்கள். உறையும்போது ஐஸ் துகள்கள் காயின் செல் சுவர்களை உடைத்துவிடும். நீர் சீக்கிரம் வெளியேறும், துண்டும் பொறுபொறுவென்று வரும். நான் தற்செயலாகக் கண்டுகொண்டது இது. கரண்ட் போனதால் ஆவி காட்டிய கேரட்டை ஃப்ரீசருக்குள் தள்ளிவிட்டு மறந்துபோன நாள் அது.

கரண்ட் பற்றிச் சொன்னதால் அதையும் முடித்துவிடுகிறேன். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு மணி நேரம் நின்றால் பரவாயில்லை, கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து ஈரம் வெளியே போக விடுங்கள். நான்கு ஐந்து மணி நேரம் ஆகும்போல் இருந்தால், பகலில் மெல்லிய துணி மூடி வெயிலுக்குக் கொண்டுபோங்கள், இரவில் ஃப்ரிட்ஜுக்குள் வையுங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் போட்டு ஓட்ட நினைக்காதீர்கள். சூடேற்றுகிற எந்தச் சாமானும் பேட்டரியைச் சீக்கிரம் உறிஞ்சிவிடும்.

பாலக்கோட்டுத் தக்காளி

தக்காளி இல்லாமல் எங்கள் ஊரில் இதைப் பற்றி எழுத முடியாது. பாலக்கோட்டிலும் ராயக்கோட்டையிலும் தக்காளி மார்க்கெட் பக்கம் போனவர்களுக்கு அதன் விலை எப்படி ஆடும் என்று தெரியும். 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. வேறு மாதங்களில் பறிக்கிற கூலிகூட வராது என்று செடியிலேயே விட்டுவிடுவார்கள். மலிந்த வாரத்தில் ஒரு பெட்டி வாங்கி உலர்த்தினால், ஏறின வாரத்தில் கை கொடுக்கும்.

நாட்டுத் தக்காளி ரசத்துக்கு அருமை, உலர்த்த ஆகாது. சாறும் விதையும் அதிகம். தோல் தடித்து, நீளவாக்கில் கெட்டியாக இருக்கிற ஹைப்ரிட் தக்காளியை எடுங்கள். ஐந்து மில்லிமீட்டர் கனத்தில் வட்டமாக நறுக்கி, விதைச் சாற்றை விரலால் வழித்துவிட்டு அடுக்குங்கள். அந்தச் சாறு குழம்புக்கு ஆகும். ஆவி வேண்டாம். 57 டிகிரிக்கு மேல், பத்திலிருந்து பதினான்கு மணி நேரம். அடித்தட்டில் ஒரு தாள் விரித்துவிடுங்கள், சொட்டும்.

தக்காளியில் தொண்ணூற்று நான்கு சதவீதம் தண்ணீர். ஒரு கிலோ போட்டால் கையில் வருவது 60, 70 கிராம். பார்க்கிறவர்கள் 'இவ்வளவுதானா' என்பார்கள். ஒரு துண்டை நாக்கில் வைக்கச் சொல்லுங்கள். புளிப்பும் இனிப்பும் உப்பும் ஒன்றாகத் திரண்டு நிற்கும்.

தோல் மாதிரி வளைகிற பதத்தில் எடுத்தால் சமையலுக்கு நல்லது, ஆனால் ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும். ஒடிகிற பதம் வரை விட்டால் கொறிக்கலாம், வெளியே வைக்கலாம், மிக்சியில் பொடிக்கலாம். பொடி காற்றுப் பட்டால் ஒரு மணி நேரத்தில் கட்டிப்போகும், ஆகவே தேவையானபோது தேவையான அளவு மட்டும் பொடியுங்கள். அந்தப் பொடியில் கொஞ்சம் எடுத்து வெண்டைக்காய்மேல் தூவி உலர்த்துவதுதான் இப்போது நான் அடிக்கடி செய்வது.

புளிப்புக்கு இன்னொரு வழியும் நம் ஊரிலேயே இருக்கிறது. சித்திரை, வைகாசியில் காற்றடித்து உதிர்கிற மாங்காய் கிருஷ்ணகிரிப் பக்கம் தோப்புக்குத் தோப்பு கிடக்கும். தோல் சீவி மெல்லியதாக அரிந்து 55 டிகிரியில் ஒடியும் வரை உலர்த்திப் பொடித்தால் வருஷம் முழுக்க எலுமிச்சையைத் தேட வேண்டாம். முருங்கைக்கீரை, கறிவேப்பிலை இரண்டையும் 40 டிகிரியில் மூன்று நான்கு மணி நேரம் உலர்த்திப் பொடித்து வைத்தால் அதுவும் தூவ ஆகும்.

ஒன்றாகப் போடக் கூடாத ஜோடிகளும் உண்டு. வெங்காயத்தோடு எதையும் சேர்க்காதீர்கள், எல்லாம் வெங்காயம் ஆகிவிடும். பீட்ரூட்டைக் கீழ்த் தட்டில் வையுங்கள், மேலே வைத்தால் கீழே இருப்பதெல்லாம் சிவக்கும். பச்சை மிளகாயை உலர்த்துவதாக இருந்தால் வீட்டில் குழந்தைகள் இல்லாத நேரம் பாருங்கள். காற்றே காரும்.

எதைத் தொட வேண்டாம்

அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் மரவள்ளிக் கிழங்கு நிறைய. புதிதாக இயந்திரம் வாங்கியவர் கை முதலில் அங்கேதான் போகும். வேண்டாம். பச்சை மரவள்ளியில் சயனைடாக மாறக்கூடிய பொருள் இருக்கிறது. 55 டிகிரிச் சூட்டில் உலர்த்தினதை நம்பி அப்படியே தின்னக் கூடாது. தோல் உரித்து, நறுக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிய பிறகுதான் உலர்த்தலாம். அப்படிச் செய்தாலும் கூழாங்கல் மாதிரி ஆகும், பொரித்தால்தான் வாயில் வைக்க முடியும். உருளைக்கிழங்கும் அப்படித்தான். ஆவி காட்டாவிட்டால் கறுத்துப்போகும், காட்டினால் கண்ணாடித் துண்டு.

பீன்ஸ், அவரை, மொச்சை இவற்றையும் கொறிக்கிற பட்டியலில் சேர்க்காதீர்கள். சரியாக வேகாத பயற்றினக் காய்கள் வயிற்றைக் கெடுக்கும், இயந்திரத்தின் சூடு அதற்குப் போதாது. சாம்பாருக்கு உலர்த்தி வைக்க மட்டும் ஆவி காட்டிப் போடலாம், சாம்பாரில் நன்றாக வேகவிட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

எடுக்கிற நேரம்

நான் கொடுத்த மணிக்கணக்கெல்லாம் ஒரு தோராயம். காயின் வயது, அன்றைய காற்றின் ஈரம், நறுக்கின கனம், இயந்திரம், எல்லாம் சேர்ந்து இரண்டு மூன்று மணி நேரம் முன்னே பின்னே ஆகும். கடிகாரத்தைப் பார்த்து எடுத்தால் நிச்சயம் ஏமாறுவீர்கள்.

சூடாக இருக்கும்போது எல்லாமே வளையும். இன்னும் காயவில்லை என்று நினைத்து விட்டுவிட்டால் கருகும். ஆகவே தட்டின் நடுவிலிருந்து ஒன்று, ஓரத்திலிருந்து ஒன்று, இருப்பதிலேயே தடித்தது ஒன்று என்று மூன்று துண்டை எடுத்து, ஐந்து நிமிடம் ஆறவிட்டுப் பிறகு ஒடித்துப் பாருங்கள். பட்டென்று ஒடிந்து, ஒடிந்த இடத்தில் ஈரப்பளபளப்பு இல்லாமல் இருந்தால் முடிந்தது. தடித்த துண்டு மட்டும் வளைந்தால் அந்த மாதிரித் துண்டுகளைப் பொறுக்கி ஒரு தட்டில் போட்டு மறுபடி ஒரு மணி நேரம்.

ஆயா என் தட்டுகளை முதலில் பார்த்தபோது ஒடித்துப் பார்க்கவில்லை. இரண்டு கையிலும் அள்ளிக் காதுப் பக்கத்தில் வைத்துக் குலுக்கினார். "சலசலன்னு கேக்கணும் கண்ணு. இது சொதசொதன்னு இருக்குது. இன்னும் போடு." அது வெயிலுக்கும் இயந்திரத்துக்கும் ஒன்றேதான். இப்போது நானும் குலுக்கித்தான் பார்க்கிறேன், ஒடிப்பது அதற்குப் பிறகு.

பாட்டிலில் போட்டபின்

இங்கே அலட்சியப்பட்டால் முந்தைய வேலை அத்தனையும் வீண். தட்டை வெளியே எடுத்ததும் முழுதாக ஆறவிடுங்கள். சூட்டோடு அடைத்தால் உள்ளே வேர்க்கும். அதே சமயம் மணிக்கணக்கில் திறந்து போட்டாலும் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அரை மணி நேரம் போதும்.

முதல் ஒரு வாரம் இது சேமிப்பு இல்லை, சோதனை. கண்ணாடிப் பாட்டிலில் முக்கால் பாகத்துக்கும் குறைவாகப் போட்டு மூடி, தினமும் ஒருமுறை குலுக்குங்கள். சில துண்டில் கொஞ்சம் ஈரம் இருக்கும், சிலது அதிகமாகக் காய்ந்திருக்கும். ஒரு வாரத்தில் அது எல்லாவற்றுக்கும் சமமாகப் பரவும். பாட்டிலின் உள்சுவரில் வேர்வை தெரிந்தாலோ துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டினாலோ அன்றே எடுத்து மறுபடி இயந்திரத்தில் போட்டுவிடலாம். பூசணம் ஒரு துண்டில் தெரிந்தால் பாட்டில் முழுவதையும் கொட்டுங்கள். அந்த ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு மீதியைத் தின்னலாம் என்று பார்க்காதீர்கள். என் பீட்ரூட்டை இப்படி ஒரு வாரம் குலுக்கியிருந்தால் ஐந்தாம் நாளே பிடித்திருப்பேன்.

வாரம் தாண்டினால் சின்னச் சின்னப் பாட்டில்களில் பிரித்துப் போடுங்கள். பெரிய பாட்டிலை ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அதற்குள் ஈரக் காற்று போகிறது. ரப்பர் வளையம் வைத்த கண்ணாடி ஜாடியோ பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலோ நல்லது. எவர்சில்வர் டப்பா வேண்டாம், மூடி அழுத்தமாக இருப்பதுபோல் தெரியும், காற்று போகும். வெளிச்சம் படாத அலமாரியில் வையுங்கள், வெளிச்சத்தில் கேரட் நிறம் மங்கிவிடும். மூடியில் காயின் பெயரும் தேதியும் எழுதி ஒட்டுங்கள். முருங்கைப் பொடிக்கும் கறிவேப்பிலைப் பொடிக்கும் மூன்று மாதம் கழித்து வித்தியாசம் தெரியாது.

இப்படி வைத்தால் ஆறு மாதம் தாராளமாக நிற்கும். நமத்துப்போனால் 55 டிகிரியில் அரை மணி நேரம் போட்டு எடுங்கள், மறுபடி மொறுமொறுக்கும்.

தின்பதில் ஒரு எச்சரிக்கை. கையில் இருக்கிற நூறு கிராம் ஒரு கிலோ காய். பேச்சு சுவாரசியத்தில் ஒரு பாட்டிலைக் காலி செய்துவிட்டு வயிறு உப்புசம் என்று படுத்தவர்கள் எங்கள் வீட்டிலேயே உண்டு. ஒரு பிடி எடுத்துக்கொண்டு தண்ணீர் குடியுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் கேரட், பீட்ரூட்டை அளந்து சாப்பிடுங்கள், தண்ணீர் போனாலும் அதிலிருக்கிற இனிப்பு போவதில்லை.

செய்து பழகினபின் விற்கலாமே என்று தோன்றும், அக்கம்பக்கமும் சொல்லும். விற்பதாக இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். பாப்பாரப்பட்டியிலும் கிருஷ்ணகிரி எலுமிச்சங்கிரியிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன, மதிப்புக்கூட்டல் பயிற்சி எப்போது நடக்கும் என்று அங்கே கேட்டுப் பாருங்கள். அதற்கு முன் ஒரு பத்து தடவையாவது வீட்டுக்கு மட்டும் செய்யுங்கள். அந்தப் பத்தில் ஒரு தடவையாவது என் பீட்ரூட் கதை உங்களுக்கும் நடக்கும்.